காட்டுதலும் உடன் காணுதலும்

தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ சுவரில் ஒரு படத்தை மாட்டி, அதில் மழை பெய்வதையோ மரங்கள் பூத்திருப்பதையோ சுட்டிக்காட்டி, "இதைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள்" என்று உபாத்தியாயர் சொல்லுகின்ற அந்தச் சிறிய நிகழ்ச்சி, நாள்தோறும் நடைபெறுகிற காரணத்தாலேயே சிந்தனைக்கு உரிய விஷயமாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆயினும், அந்தக் குழந்தை எழுதுகின்ற ஐந்து வாக்கியங்கள் யாருடையவை என்று ஒருவர் நின்று கேட்பாராயின், அவர் அறிந்தோ அறியாமலோ தத்துவ சாஸ்திரத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றன் முன்னே வந்து நிற்கிறார். அறிவு என்பது ஆன்மாவின் உள்ளிருந்தே எழுவதா, வெளியிலிருந்து அதற்குள் வைக்கப்படுவதா? படம் குழந்தைக்குள் உறங்கிக் கிடந்த ஒன்றை எழுப்பியதா, இல்லாத ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்ததா, அல்லது இவ்விரண்டும் அன்றி வேறொன்று அங்கே நிகழ்ந்ததா? பருவகாலப் படங்களையும் குறிப்புச் சொற்களையும் கொண்டு இளங்குழந்தைகளை எழுதத் தூண்டுகிற வழக்கத்தின் நன்மை தீமைகளைப் பற்றிப் போதனா முறை வல்லுநர்கள் தம்முள் விவாதிப்பது உண்டு. அதனை நான் இங்கே சமய தத்துவத்தின் துணைகொண்டு ஆராய விரும்புகிறேன், ஏனெனில் அதற்குரிய விடை அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

படத்தோடு பாடத்தை இணைத்துக் குழந்தைகளுக்கென்றே நூல் செய்தவர்களுள் முன்னோடியாக விளங்கியவர் ஒரு சமயப் பெரியாரே என்பதை முதலில் நினைவு கொள்ளலாம். மொராவிய நாட்டில் பிறந்து, அந்நாட்டுச் சகோதரர் திருச்சபையின் பிஷப்பாக விளங்கி, மதப் போர்களின் கொடுமையால் தாய்நாட்டை இழந்து ஐரோப்பாவில் பல இடங்களிலும் அலைந்து வாழ்ந்த கொமேனியஸ், 1658-ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரில் தமது சித்திர நூலை வெளியிட்டார். இறைவனில் தொடங்கி இறுதித் தீர்ப்பில் முடிகிற அந்த நூலில், வானமும் நெருப்பும் காற்றும் நீரும் மேகமும் நிலமும் ஒவ்வொன்றாகப் படமாக வந்தன. படத்தில் உள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டு, அதே எண்கள் லத்தீன் சொற்களின் பக்கத்திலும் ஜெர்மன் சொற்களின் பக்கத்திலும் நின்றன. புலன்களின் வழியே முன்பு புகாத எதுவும் அறிவில் இல்லை என்பது அவருடைய கொள்கை. சொற்களை மட்டும் உருப்போட்டு உருப்போட்டுச் சோர்ந்திருந்த அக்காலத்துக் குழந்தைகளுக்கு அவர் செய்த உதவி மிகப் பெரியது.

ஆனால் கொமேனியஸுக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய அகஸ்டீன் என்னும் கிறிஸ்தவ ஞானி, இதற்கு எதிரிடையான ஓர் ஐயத்தை எழுப்பிவிட்டே போயிருந்தார். 389-ஆம் ஆண்டை ஒட்டி, தம் மகன் அதியோதாத்தஸுடன் நடத்திய உரையாடலாக அவர் அமைத்த 'ஆசிரியரைப் பற்றி' என்னும் நூலில், அடையாளங்களால் எவரும் எவருக்கும் எதையும் உண்மையில் கற்பித்துவிட முடியாது என்கிறார். பொருளை முன்பே அறிந்தவனுக்கு அடையாளம் நினைவூட்டுகிறது. அறியாதவனுக்கு அது வெறும் ஒலி, அல்லது வெறும் கோடு. மெய்யாகக் கற்பிப்பவன் உள்ளே இருக்கின்ற ஆசிரியன் ஒருவனே என்பது அவர் கண்ட முடிபு. ஆகவே படம் எல்லாவற்றையும் கொடுக்கும் என்ற எண்ணத்துக்கும், படத்தால் எதையும் கொடுக்க இயலாது என்ற எண்ணத்துக்கும் நடுவே வகுப்பறை உபாத்தியாயர் கையில் ஒரு படத்தோடு நிற்கிறார்.

இவ்விடத்தில்தான் நம்முடைய சைவ சித்தாந்தம் எனக்குப் பெரிய வெளிச்சமாகத் தோன்றுகிறது. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டதேவர் 13-ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம், 12 சூத்திரங்களே கொண்ட சிறு நூல். அந்நூலும் அதன் வழிவந்த சாத்திரங்களும் ஆன்மாவின் இயல்பை வரையறுக்கும் முறை மிகவும் நுட்பமானது. ஆன்மா தானாகவே எல்லாவற்றையும் அறிந்துகொள்ளும் பேரறிவும் அன்று. எவ்வளவு உணர்த்தினாலும் உணராத சடமும் அன்று. அறிவித்தால் அறிகின்ற இயல்பினது அது. மேலும், எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே ஆகிவிடுகிற தன்மையும் அதற்கு உண்டு. செம்பருத்தியின் அருகே வைத்த பளிங்கு செந்நிறமாகத் தோன்றுவது இதற்குச் சொல்லப்படும் பழைய உவமை. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும், இருளில் அது விழித்திருந்தும் காண்பதில்லை. சூரியனுடைய ஒளி வந்து பொருளை விளக்கவேண்டும். ஒளி வந்த பின்னரும் அது போதுமானதன்று. கண்ணோடு உள்ளம் கூடி நின்றால் அல்லாமல், எதிரே நிற்பவனையும் கண் காணாமலே போகிறது. பதினோராம் சூத்திரம் இந்த அனுபவத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணோடு உள்ளம் கூடிநின்று காட்டியும் கண்டும் உதவுவது போலவே, உள்ளத்தோடு இறைவன் கூடிநின்று காட்டியும் கண்டும் உதவுகிறான் என்று தெளிவிக்கிறது. உரை மரபினர் இவற்றைக் காட்டும் உபகாரம் என்றும் காணும் உபகாரம் என்றும் இரண்டாகப் பிரித்து வழங்குவர்.

உலகத்துச் சமய நூல்களில் இறைவன் காட்டுகிறான் என்று சொல்லுகிற நூல்கள் பல உண்டு. காட்டுவதோடு நில்லாமல், காண்கிற உயிரோடு ஒன்றாய் நின்று தானும் காண்கிறான் என்று இத்துணை விளக்கமாக ஒரு சித்தாந்தம் எடுத்துச் சொல்வதைக் கருதும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. பெரியதொரு ஞான நிலையைக் குறித்துச் சொல்லப்பட்ட இந்த உண்மையைச் சிறு குழந்தையின் சிலேட்டுப் பலகைக்கு இறக்கிக் கொண்டுவரலாமோ என்று சிலர் தயங்கக்கூடும். ஆன்மாவின் இயல்பு முக்தி நிலையில் ஒருவிதமாகவும் மூன்றாம் வகுப்பில் வேறொரு விதமாகவும் இராது. ஆகையால் கொண்டுவரலாம் என்பது மட்டும் அன்று, கொண்டுவரவே வேண்டும் என்பது என் கருத்து.

சார்ந்ததன் வண்ணமாகிற இயல்பை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். கடைகளில் விற்கின்ற பருவகாலப் படத்தாள் ஒன்றைப் பாருங்கள். அதில் நான்கு கட்டங்கள் இருக்கும். முதலாவதில் பூக்கள், இரண்டாவதில் சூரியன், மூன்றாவதில் செந்நிற இலைகளை உதிர்க்கும் மரம், நான்காவதில் கழுத்தில் துணி சுற்றிய பனிமனிதன். இந்தத் தாள் மதுரையிலும் மாயவரத்திலும் திருச்செந்தூரிலும் வகுப்பறைச் சுவர்களில் தொங்குகிறது. குளிர்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால், மார்கழி விடியலில் வாசலில் கோலமும் சாணத்தில் செருகிய பூசணிப் பூவும் கண்டு வந்த குழந்தை, அந்தக் கோலத்தையும் பூவையும் விட்டுவிட்டு, தான் ஒருநாளும் காணாத பனிக்கட்டியைப் பற்றி எழுதுகிறது. பனிப்பந்து வீசி விளையாடினேன் என்றும் எழுதுகிறது. அது பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதவில்லை. பளிங்கின் அருகே எந்த மலரை வைத்தோமோ அந்த நிறமே அதில் தெரிகிறது. பளிங்கைக் குற்றம் சொல்லுவதற்கில்லை.

இந்தியாவில் அச்சிட்ட படங்களாலும் இந்தக் குறை முழுவதும் நீங்கிவிடுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்று அவற்றுட் பல சொல்லுகின்றன. நாட்டின் பெரும்பகுதிக்கு அது உண்மை; தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. தென்காசிக்குப் பக்கத்துக் குழந்தைக்கு ஆனி, ஆடி என்றால் குற்றாலச் சாரல். இராமநாதபுரத்துக் குழந்தைக்கு அதே மாதங்கள் காய்ந்த கண்மாய். தஞ்சைக் குழந்தையின் நிலையோ இவை இரண்டினும் விசித்திரமானது. ஜூன் 12-ஆம் தேதியை மேட்டூர் அணை திறக்கும் நாளாகக் கொண்டிருக்கிற அந்த நாட்டில், வானத்தில் மேகமே இல்லாதபோது ஆற்றில் புதுப்புனல் வருகிறது. எங்கோ குடகு மலையில் பெய்த மழையை ஆடிப் பதினெட்டாம் நாள் தஞ்சை மக்கள் காவிரிக் கரையில் நின்று வணங்குகிறார்கள். மழை இல்லாமல் வெள்ளம் வருவது எப்படி என்ற ஆச்சரியம் எட்டு வயதுக் குழந்தையின் உள்ளத்தில் எழுமாயின், அதுவே அதன் கட்டுரை. குடை பிடித்த சிறுவனும் குளத்துத் தவளையும் உள்ள படத்தை அதன்முன் மாட்டி, அந்த ஆச்சரியத்தை நாம் அழித்துவிடுகிறோம்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் எத்தனை கவனமாக இருந்தார்கள் என்பதற்குத் தொல்காப்பியமே சாட்சி. அகத்திணை இயலில் நிலமும் பொழுதும் ஆகிய இரண்டையுமே முதற்பொருள் என்று ஆசிரியர் வகுத்தார். மரமும் பறவையும் தொழிலும் பறையும் கருப்பொருளாக அதன்பின் வருகின்றன. மனித உள்ளத்தின் உணர்ச்சி உரிப்பொருளாக அவற்றோடு பொருந்தி நிற்கிறது. ஆவணி தொடங்கி இரண்டிரண்டு மாதமாகக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளை இலக்கண மரபு நமக்கு அளித்திருக்கிறது. இவை மழையும் வெயிலும் கொண்டு மட்டும் பிரிக்கப்பட்டவை அல்ல. பனியை முன்னிரவில் உணர்வதும் பின்னிரவில் உணர்வதும் வேறு வேறு அனுபவங்கள் என்று உணர்ந்து, அவற்றைத் தனித்தனிப் பருவங்களாகவே எண்ணின ஒரு சமுதாயம், தன் குழந்தைகளை நான்கு கட்டப் படத்தாளுக்கு ஒப்படைப்பது வருந்தத்தக்கது. உரிப்பொருளைத் தனியே பிடித்துவிட முடியாது, நிலமும் பொழுதும் இல்லாமல் உணர்ச்சிக்கு இருப்பிடமே இல்லை என்பதுதான் இந்த வைப்பு முறையால் நான் உணர்வது. பருவத்தைக் காட்டிக் குழந்தையை எழுதச் செய்வது, ஆகையால், அயல்நாட்டாரிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய உபாயம் அன்று.

படத்தோடு கூடவே கொடுக்கப்படுகிற குறிப்புச் சொற்களை நினைத்தால் என் மனம் இன்னும் அதிகமாக நோகிறது. மழை, குடை, தவளை, காகிதக் கப்பல், மகிழ்ச்சி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இவற்றைக் கொண்டு கட்டுரை வரையுமாறு சொல்லுகிறோம். தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை செய்கிற பெற்றோரின் குழந்தை அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பெடுப்பு நின்றுவிடுகிறது, வீட்டில் கூலி நின்றுவிடுகிறது. மீனவர் குப்பத்துக் குழந்தை இருக்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலமே அந்த வீட்டின் கோடை. ஒழுகுகின்ற கூரையின் கீழே இரவெல்லாம் பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டுக் காலையில் பள்ளிக்கு வந்த குழந்தையும் இருக்கலாம். இவர்கள் எல்லாரும் கரும்பலகையில் கடைசியாக நிற்கிற அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு, மழை எனக்கு மகிழ்ச்சி தருகிறது என்று எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். தன் அனுபவம் ஒன்றாகவும் எழுத்து வேறொன்றாகவும் இருக்கலாம் என்ற பாடத்தை, எழுதக் கற்கிற முதல் ஆண்டிலேயே நாம் கற்பித்துவிடுகிறோம். வாய்மையை எல்லா அறங்களினும் மேலாக வைத்துப் போற்றிய வள்ளுவருடைய நாட்டில் இதைவிடப் பெரிய தவறு கல்வித் துறையில் இருக்கமுடியும் என்று நான் கருதவில்லை.

அப்படியாயின் படத்தையும் குறிப்பையும் அறவே விலக்கிவிட்டு, குழந்தையைத் தன் போக்கில் விட்டுவிடலாம், வேண்டியபோது வேண்டியதை அது தானே எழுதும் என்று கூறுவார் உண்டு. இந்தக் கூற்றில் கருணை இருக்கிறது. ஆனால் ஆன்மாவின் இயல்பைப் பற்றிய தெளிவு இல்லை. இருளில் திறந்திருக்கும் கண் தானாகவே காணத் தொடங்கிவிடாது. வெள்ளைத்தாளைக் கொடுத்து, எதை வேண்டுமானாலும் எழுது என்று சொன்னவுடனே எழுத ஒன்றுமில்லாமல் திகைத்து உட்காருகிற குழந்தைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர், காட்டுவாரின்றித் தவிப்பவர்கள். காட்டும் உபகாரம் இன்றியமையாதது. குறை, அந்த உபகாரத்தோடு நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. படத்தை மாட்டிவிட்டு உபாத்தியாயர் தம் மேசைக்குத் திரும்பி வருகைப் பதிவேட்டில் ஆழ்ந்துபோகிற அந்தக் கணத்தில், காணும் உபகாரம் இல்லாமற் போகிறது. காட்டப்பட்டதைக் காண்பதற்குக் குழந்தை தனியே விடப்படுகிறது.

இறைவன் முற்றும் அறிந்தவனாகையால் உயிரோடு உடனின்று காண்கிறான். மனிதராகிய உபாத்தியாயரோ, குழந்தையின் உள்ளத்தில் என்ன தெரிகிறது என்பதை அறியாதவர். ஆகவே அவர் உடன் காண்பதற்கு இருக்கிற ஒரே வழி, கேட்பதுதான். அதிலும், விடை தெரியாத ஒருவன் கேட்பதுபோல் மெய்யாகக் கேட்பதுதான்.

சீகாழியில் பிரம்ம தீர்த்தக் கரையில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடியிருக்கும் வரலாற்றை இவ்வுண்மையோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையைக் கரையில் நிறுத்திவிட்டு நீராட இறங்கிய சிவபாத இருதயர், கரையேறி வந்து பார்க்கிறபோது, குழந்தையின் வாயில் பால் ஒழுகுவதைக் காண்கிறார். யார் கொடுத்த பாலை உண்டாய் என்று கோல் கொண்டு அதட்டிக் கேட்கிறார். அவர் உண்மையாகவே அறியாதவராய்க் கேட்டார்; விடையை முன்பே கையில் வைத்துக்கொண்டு பரீட்சை செய்யவில்லை. குழந்தை விரலை நீட்டிச் சுட்டியது; தான் கண்ட காட்சியின் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவனே இவன் என்று பாடியது. தமிழ்ச் சமய இலக்கியத்தின் பெருஞ்செல்வமாகிய சம்பந்தர் தேவாரம் முழுவதற்கும் தொடக்கம், ஒரு தந்தை கேட்ட வினாவும் அதற்கு ஒரு குழந்தை தான் பார்த்ததைப் பார்த்தபடியே கூறிய விடையும் ஆகும். திருவருளின் செயலை நான் வகுப்பறைப் பயிற்சியாகச் சுருக்கவில்லை. அருள் வந்து பேச்சாக வெளிப்படுவதற்குக்கூட, மெய்யாகக் கேட்கிற ஒருவர் அருகே இருந்தார் என்பதையே சுட்டுகிறேன்.

அதே சம்பந்தர், பின்னாளில் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகத்தை, பருவங்களைக் காட்டி உயிரை எழுப்புகிற முயற்சிக்குத் தலைசிறந்த உதாரணமாகச் சொல்லவேண்டும். அரவம் தீண்டி இறந்த பெண்ணின் எலும்பும் சாம்பலும் வைத்த குடத்தின்முன் நின்று, ஐப்பசி ஓணத்தையும் கார்த்திகை விளக்கீட்டையும் ஆதிரையையும் தைப்பூசத்தையும் மாசிக் கடலாட்டையும் பங்குனி உத்திரத்தையும் மாதம் தவறாமல் வரிசையாகக் கூறி, இவற்றை எல்லாம் பாராமலே போய்விடுவாயோ என்று பாட்டுத்தோறும் அவளைக் கேட்கிறார். வேதாந்த விசாரங்களை அவர் அவளுக்கு எடுத்துரைக்கவில்லை; ஊரையும் மாதத்தையும் விழாவையும் காட்டினார், காண வா என்று அழைத்தார். இதில் காட்டுதலும் இருக்கிறது. நானும் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற உடன் காணுதலும் இருக்கிறது. பெண் எழுந்து வந்தாள் என்று புராணம் கூறுகிறது. குழந்தைகளுக்கு முன்னே ஒரு பருவத்தை எவ்வாறு வைக்கவேண்டும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு, எந்தப் போதனா முறை நூலுக்கும் முன்பாக இந்தப் பதிகத்தைப் படிக்குமாறு சொல்லுவேன்.

வங்காளத்தில் ரவீந்திரநாத தாகூர் 1901-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளி, நம் காலத்துக்கு அண்மையில் இந்த உண்மையை நடைமுறையில் காட்டியது. மரத்தடியில் வகுப்பு நடந்தது என்பதை எல்லாரும் அறிவர்; ருதுக்களே அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாயிருந்தன என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மழை வந்தால் வர்ஷாமங்கள விழா, வேனில் வந்தால் வசந்த உற்சவம், 1928 முதல் மரம் நடுவதற்கே ஒரு விழா என்று, ஒவ்வொரு பருவமும் பாட்டோடும் ஆட்டத்தோடும் அந்தக் குழந்தைகளிடம் வந்தது. அந்த விழாக்களில் ஆசிரியர்களும் மாணவர்களோடு கலந்து நின்றார்கள். குழந்தைகளுக்காக அவர் எழுதிய 'சகஜ பாடம்' என்னும் அரிச்சுவடி 1930-இல் வெளிவந்தபோது, அதற்கு நந்தலால் போஸ் படம் வரைந்தார். பெரிய ஓவியர் ஒருவர் அரிச்சுவடிக்குப் படம் எழுத முன்வந்ததையும், அந்தப் படங்கள் கருப்பு வெள்ளையில், விவரங்களை அடுக்காமல், கண்ணுக்கு வேலை வைத்து நிற்பதையும், குழந்தைகளுக்கு எத்தனை மலிவான படமும் போதும் என்று எண்ணுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியின் ஏழை மக்கள் வாழும் பகுதியில் தொடங்கிய பள்ளியில் நடந்ததாக அவரே எழுதி வைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சியும் இங்கே சொல்லத் தக்கது. டிசம்பர் மாதத்தில், இளவேனில் போல் வெயிலடித்த ஒரு நாளில், குழந்தைகளோடு மொட்டை மாடிக்குச் சென்று அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அங்கே நின்ற புகைபோக்கியை வரைந்து காட்டச் சொன்னார். சிறுவன் தரையில் வரைந்தான், அம்மையார் பாராட்டினார். அவன் அவரைப் பார்த்து ஒரு கணம் நின்று, எனக்கு எழுதத் தெரியும் என்று கூவிக்கொண்டே மண்டியிட்டுக் கை என்று எழுதினான், பிறகு புகைபோக்கி என்று எழுதினான், அதன்பின் கூரை என்று எழுதினான். அதுவரை எழுதும்படி அவனை யாரும் ஏவியதில்லை. எழுத்துகளின் வடிவத்தை விரலால் தடவிப் பழகியிருந்தான், அவ்வளவே. அவன் எழுதிய மூன்று சொற்களும் வரைந்த கையும் எதிரே நின்ற பொருளும் ஆக அந்த மாடியிலேயே இருந்தவை. ஒரு நல்ல நாளின் வெயில் அவர்களை மாடிக்கு அழைத்தது, ஒருவர் காட்டினார், காட்டியவர் எழுந்து போய்விடாமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போரின் காரணமாக ஆண்டுக்கணக்கில் நம் நாட்டிலேயே தங்க நேர்ந்தபோது, கோடைக்கானலிலும் சிலகாலம் வாழ்ந்து, அங்கே செடிகொடிகளையும் உயிரினங்களையும் குழந்தைகளோடு ஆராய்ந்தார் என்பது நம்மவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பெருநகரத்துக் குழந்தைக்குப் பருவம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். ஆடிக்காற்றில் மொட்டை மாடித் துணி பறப்பதும், நாவற்பழம் தின்று நாக்கு ஊதாவாவதும், கத்திரி வெயிலில் தெருமுனையில் நுங்குக் குலைகள் வந்து இறங்குவதும், விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதும், தைமாதத்தில் பனங்கிழங்குக் கட்டுகள் விற்பதும் சென்னையிலும் உண்டு. மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை என்ற அறிவிப்பை எதிர்பார்த்து விடியற்காலையில் விழித்திருக்கிற குழந்தைக்குப் பருவம் தெரியாது என்று யார் சொல்லமுடியும்? கற்பனையைப் பற்றி எழுப்பப்படும் தடை இதைவிட வலியது. காணாத பனிநாட்டைப் பற்றி எழுதக் குழந்தைக்கு உரிமை இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. கதை என்று அறிந்து கதையாக எழுதுவது கற்பனையின் தூய தொழில், அதில் பொய்ம்மை சிறிதும் இல்லை. என் அனுபவம் என்று எழுதச் சொல்லிவிட்டுப் பிறர் அனுபவத்தை எதிர்பார்ப்பதையே நான் கண்டிக்கிறேன்.

ஆகவே உபாத்தியாயப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது இது. படம் கிடைத்தால், முகங்களும் சிரிப்புகளும் நிறைந்த படத்தைவிட, ஈரத் திண்ணையில் இரண்டு ஜோடிச் செருப்புகள் மட்டும் கிடக்கிற படத்தைப் போன்றதைத் தேர்ந்தெடுங்கள். குழந்தை நிரப்புவதற்கு அதில் இடம் இருக்கும். மகிழ்ச்சி, துக்கம் முதலிய உணர்ச்சிச் சொற்களைக் கரும்பலகையில் முன்னதாக எழுதிவிடாதீர்கள். எழுதுகோலை எடுப்பதற்குமுன் குழந்தைகளோடு தரையில் அமர்ந்து, இதைப் பார்க்கிறபோது உன் வீட்டில் என்ன நினைவு வருகிறது, நேற்று இராத்திரி மழைச் சத்தம் எப்படிக் கேட்டது என்று, உங்களுக்கு விடை தெரியாத வினாக்களையே கேளுங்கள். சாரல், தூவானம், அடைமழை என்று அந்தந்த ஊர்க் குழந்தை எந்தச் சொல்லைக் கொண்டுவருகிறதோ அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதி முடித்த தாளை முதன்முறை வாசிக்கும்போது சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டு, குழந்தை என்ன பார்த்தது என்பதற்காக மட்டுமே வாசித்து, அதைப்பற்றி அதனோடு ஒரு வார்த்தை பேசுங்கள். ஒற்றுப்பிழையும் றகர ரகர வேறுபாடும் இரண்டாம் வாசிப்புக்குக் காத்திருக்கலாம். வரும் ஐப்பசியில் முதல் பெருமழை பள்ளிக்கூட நேரத்தில் வந்து பெய்யுமாயின், அந்தப் பாடவேளையை நிறுத்திவிட்டு வகுப்பு முழுவதையும் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, அவர்களோடு நீங்களும் நின்று பாருங்கள். நோட்டுப் புத்தகத்தை அதன் பிறகு கொடுங்கள்.